உன் வீடு மாதிரி பார்த்துக்கோ

கண்டக்டரம்மா பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் வீட்டுக் கதவில் சாவியைச் செருகினாள். சாவி நுழையவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தாள். துவாரத்தில் வாய் வைத்து ஊதிப் பார்த்தாள். அதற்குள் கதவு உள்ளேயிருந்து திறந்தது. தோளில் துண்டும் வாயில் பல்துலக்கும் பிரஷுமாக ஒரு ஆள் நின்றான்.

"யாரு வேணும்?" என்றான்.

"யாரும் வேணாம். வீடுதான் வேணும்" என்றாள் அவள்.

அந்த ஆளின் முகம் உடனே மலர்ந்தது. பிரஷை எடுத்துவிட்டு, "ஓ, தம்பியோட அக்காவா? சொல்லியிருக்காரு, சொல்லியிருக்காரு. வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க. பையைக் குடுங்க" என்று அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். பின்னாலேயே போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. தன் வீட்டுக் கூடத்தில், தான் வாங்கிப் போட்ட நாற்காலியில், விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்தாள். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரும் அவளுடையதுதான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள்; பத்து மணி நேரப் பயணம், தொண்டை காய்ந்து கிடந்தது. குடித்துவிட்டாள்.

முப்பத்தோரு வருடம் பேருந்தில் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஏறுகிறவன் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுப்பானா, ஏய்ப்பானா என்று சொல்லிவிடுவாள். "உள்ளே போ, உள்ளே போ" என்று ஆயிரக்கணக்கான பேரை ஏற்றியவள், "இறங்கு" என்று சொன்னால் இறங்காதவன் கிடையாது. அப்பேர்ப்பட்டவளுக்கு அன்று வாய் எழவில்லை.

நடந்தது இதுதான். வேறு ஊரில் நர்சாக இருக்கும் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே டாக்டர் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கண்டக்டரம்மா அவசரமாகக் கிளம்பினாள். பிரசவம், பிறகு குழந்தைக்கு மஞ்சள் காமாலை, பிறகு மகள் வேலைக்குத் திரும்பியது என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. கிளம்பும்போது வீட்டுச் சாவியில் ஒன்றைத் தம்பியிடம் கொடுத்து, "உன் வீடு மாதிரி பார்த்துக்கோ. வாரத்துக்கு ஒரு தடவை ஜன்னலைத் திறந்து விடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஒரு பெரிய ஷோரூமில் வேலை. கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, ஒன்றே ஒன்றைத் தவிர: யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பான். ஷோரூமில் அவன் பெயரே ஆகட்டும். வாடிக்கையாளர்கள்கூட, "ஆகட்டும் இருக்காரா?" என்றுதான் போன் செய்வார்கள். எதிரே நிற்பவர் முகம் சுருங்கிவிடுமே என்கிற பயம் அவனுக்கு. தாட்சண்யம் தனநாசம் என்பார்கள். இவனுடைய தாட்சண்யத்தால் நாசமாவது எப்போதும் அடுத்தவர் பொருள்.

ஷோரூம் மேனேஜருக்கு ஒரு மச்சான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் விற்கிறவன். பேச்சுதான் அவன் தொழில். குடியிருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது, புது வீடு தயாராக இரண்டு வாரம் ஆகும் என்றான். "உங்க அக்கா வீடு சும்மாதானே இருக்கு" என்றார் மேனேஜர். தம்பி ஆகட்டும் என்றான். வாடகை என்று கேட்கவும் கூச்சம். இரண்டு வாரம் ஐந்து மாதமாயிற்று. நடுவில் பூட்டு சிக்குகிறது என்று ஃபில்டர்காரன் புதுப் பூட்டுப் போட்டான். கடிதங்கள் அவன் பெயருக்கு வர ஆரம்பித்தன. அக்கா வாராவாரம் போனில் "வீடு எப்படி இருக்கு?" என்பாள். "நல்லா இருக்குக்கா" என்பான் தம்பி.

"எப்போ காலி பண்றீங்க?" என்று கண்டக்டரம்மா டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பண்ணிடுவோம்மா. நீங்க டென்ஷன் ஆகாதீங்க. வயசானவங்க, பிரஷர் ஏறிடும்" என்றான் ஃபில்டர்காரன். "நம்ம வீட்டுத் தண்ணி கொஞ்சம் உப்பா இருந்துச்சு. அதான் ஃபில்டர் மாட்டியிருக்கேன், பார்த்தீங்களா?"

நம்ம வீடு என்றான். அவள் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

தம்பி மனைவிக்கும் விஷயம் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பெண்களும் சேர்ந்து அவனை நிற்க வைத்துக் கேட்டார்கள். "அண்ணி வீட்டை எவனோ ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, தினமும் என் கையால சாப்பிட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க" என்று அவள் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நாளைக்குப் பேசிடறேன்" என்றான். மறுநாள் பேசினான். ஃபில்டர்காரன் அடுத்த மாதம் என்றான். இவன் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த மாதமும் வந்தது. வீடு அமைந்துவிட்டது, ஆனால் வாஸ்து சரியில்லை என்று சொல்லி அனுப்பினான் ஃபில்டர்காரன். அன்றைக்கே கண்டக்டரம்மா வீட்டுப் பத்திரத்தின் நகலையும் வரி ரசீதையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள்.

சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதையானவர். பத்திரத்தைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்.

"சுவர் ஏறிக் குதிச்சு வந்தாராம்மா?"

"இல்லை."

"பூட்டை உடைச்சாரா?"

"இல்லை."

"பின்ன எப்படி உள்ள வந்தாரு?"

"என் தம்பி சாவி குடுத்தான்."

அவர் பத்திரத்தை மூடி அவள் பக்கம் நகர்த்தினார். "அப்போ அத்துமீறி நுழைஞ்சாருன்னு எப்படிம்மா எழுதறது? கதவைத் திறந்து விட்டிருக்கீங்க. வந்தவரு போகலை. நுழைஞ்சதுதான் எங்க வேலை. போகாததெல்லாம் கோர்ட் வேலை."

"தம்பி" என்றாள் கண்டக்டரம்மா. "ஒருத்தன் டிக்கெட் எடுத்து பஸ்ல ஏறறான். அவன் ஸ்டாப் வந்து, போயும் ஆச்சு. இறங்க மாட்டேன்னு உட்கார்ந்திருக்கான். நான் விசில் அடிச்சு இறக்கி விடணுமா, இல்லை அவனை உள்ள வச்சுக்கிட்டே கோர்ட்டுக்குப் போகணுமா?"

சப்-இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பஸ்ஸுக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம்மா. நான் வேணா கூப்பிட்டுப் பேசறேன்" என்றார். கூப்பிட்டுப் பேசவும் செய்தார். ஃபில்டர்காரன் நிலையத்துக்கு வந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, வீட்டில் இருப்பதை மறுக்காமல், இன்னும் கொஞ்ச காலம் கேட்டு, போகும்போது நிலையத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு விலைப்பட்டியலும் கொடுத்துவிட்டுப் போனான்.

வக்கீலிடம் போனாள். வக்கீலுக்கு வழக்குக் கட்டுகளின் தூசி ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு கட்டைப் பிரிக்கும்போதும் மூன்று தும்மல். தும்மிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, தெளிவாகப் பேசினார்.

"நீங்க போன்னு சொன்ன நிமிஷத்துலேருந்து அவர் அங்க இருக்கிறது அத்துமீறல்தான்மா. அதுல சந்தேகமே இல்லை. ஆனா அதை நீங்க சொன்னாப் பத்தாது. நீதிபதி சொல்லணும். அதுவரைக்கும் உரிமை உங்களுது, இருப்பு அவருது."

"உரிமையை வச்சு நான் என்ன பண்றது? தலைக்கு வச்சுப் படுக்கவா?"

"கேஸ் போடலாம்." அவர் விரல் விட்டு எண்ணினார். "அதுவரைக்கும் நீங்க பூட்டை மாத்தக் கூடாது. அவர் சாமானைத் தூக்கி வெளியில வைக்கக் கூடாது. கரண்ட்டை நிறுத்தக் கூடாது, தண்ணியை நிறுத்தக் கூடாது. ஆள் கூட்டிட்டுப் போய் மிரட்டக் கூடாது. முக்கியமா, அவர் அனுமதி இல்லாம உள்ள போகக் கூடாது."

"என் வீட்டுக்குள்ள போக அவன் அனுமதி எனக்கு வேணுமா?"

"வேணும்."

"அவன் என் அனுமதி இல்லாம இருக்கலாமா?"

வக்கீல் தும்மினார்.

வழக்குப் போட்டார்கள். நோட்டீஸ் போயிற்று, பதில் வந்தது. பதிலில், வீட்டின் பொறுப்பாளரான தம்பி மனமுவந்து, கால வரையறை எதுவுமின்றி, தங்க அனுமதித்ததாக எழுதியிருந்தது. முதல் வாய்தாவுக்கு எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. இரண்டாவதற்கு நீதிபதி விடுப்பு. மூன்றாவதற்கு எல்லோரும் வந்தார்கள், கட்டைத்தான் காணவில்லை.

கண்டக்டரம்மாவுக்குத் தம்பி வீட்டில் ஒரு குறையும் இல்லை. தம்பி மனைவி தன் கட்டிலையே ஒழித்துக் கொடுத்திருந்தாள். ஆனால் காலையில் எழுந்தால் கால் நிற்காது. குளித்துவிட்டு இரண்டு தெரு தாண்டித் தன் தெருவுக்கு வந்துவிடுவாள். வீட்டுக்கு நேர் எதிரே ஒரு தையல்கடை. தையல்காரம்மா ஒரு முக்காலியை எடுத்துப் போடுவாள். அங்கே உட்கார்ந்து தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சன்னலில் புதுத் திரை போட்டிருந்தார்கள். துணி காயப் போடும் கம்பியை மாற்றிக் கட்டியிருந்தார்கள். வெளிச்சுவரில் ஆணி அடித்திருந்தார்கள். ஒவ்வொரு ஆணியும் தன் உடம்பில் இறங்கினாற்போல இருந்தது அவளுக்கு.

"பார்க்காதீங்க. பார்த்தாத்தானே வயிறு எரியுது" என்பாள் தையல்காரம்மா.

"பார்க்கலைன்னா இன்னும் எரியுது" என்பாள் இவள்.

ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். மேல்தொட்டி நிறைந்து வழிய ஆரம்பித்தது. மோட்டாரை யாரோ போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். முதலில் நூல் மாதிரி, பிறகு அருவி மாதிரி, தண்ணீர் மொட்டைமாடி விளிம்பிலிருந்து சுவரோடு வழிந்தது. அது அவள் வேலை பார்த்த கடைசி வருடத்தில் பூசின சுவர். கொத்தனாருக்குப் பக்கத்திலேயே நின்று பூச வைத்தது. தண்ணீர் சன்னல் மேல் விழுந்து, வாசலை நனைத்து, தெருவுக்கு வந்தது.

கண்டக்டரம்மா எழுந்து போய் வெளிக் கதவின் மணியை அடித்தாள். பதில் இல்லை. "மோட்டார் ஓடுது" என்று கத்தினாள். முப்பத்தோரு வருடம் கடைசி சீட் வரைக்கும் கேட்ட குரல். தெருமுனையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், வீட்டுக்குள்ளிருந்து யாரும் வரவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் சாக்கடையில் போய் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மோட்டார் காயில் எரிஞ்சிடும்" என்றாள்.

"எரியட்டும் விடுங்க. வக்கீல் என்ன சொன்னாரு?" என்றாள் தையல்காரம்மா.

விடத்தான் நினைத்தாள். இரண்டு தரம் முக்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் தரம் எழுந்தவள் வெளிக் கதவின் கொக்கியைத் தூக்கிவிட்டு, பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போய், குளியலறைச் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் நின்றது. மொத்தம் இருபதடி தூரம். அந்த நேரத்தில் குளியலறைக்குள்ளிருந்து வீல் என்று ஒரு அலறல் கேட்டது. ஃபில்டர்காரன் மனைவி குளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மோட்டார் சத்தத்தில் மணியும் கேட்கவில்லை, குரலும் கேட்கவில்லை. சன்னல் கண்ணாடிக்கு வெளியே திடீரென்று ஒரு நிழல்.

"நான்தாம்மா, மோட்டாரை நிறுத்தினேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள் கண்டக்டரம்மா.

மதியமே காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்து வாசித்தார். ஆண் துணை இல்லாத நேரத்தில், வெளிக் கதவைத் திறந்து, வீட்டின் பின்புறமாக அத்துமீறி நுழைந்து, குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அச்சுறுத்தியதாகப் புகார்.

"அன்னைக்கு உங்க புகார்ல எது இல்லைன்னு சொன்னேனோ, அது இதுல இருக்கும்மா" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"நான் போனது மோட்டாரை நிறுத்த."

"தெரியும்."

"அந்த மோட்டார் என்னோடது. சுவர் என்னோடது. போன சந்து என்னோடது."

"எல்லாம் உங்களோடதுதான். ஆனா உள்ள குடியிருக்கிறது அவங்க. குடியிருக்கிறவங்களைப் பயமுறுத்திட்டீங்கன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, நான் வாங்காம இருக்க முடியாது. நீங்க ஒரு உறுதிமொழி எழுதிக் குடுங்க. நான் சமாளிச்சுக்கறேன்."

வெள்ளைத் தாளும் பேனாவும் வந்தன. வழக்கு முடியும்வரை மேற்படி வீட்டு எல்லைக்குள் நுழையமாட்டேன் என்று எழுத வேண்டும். மேற்படி என்ற இடத்தில் பேனா நின்றது.

"என் வீடுன்னு எழுதலாமா?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். "எழுதுங்க. அதுல தப்பில்லை."

என் வீட்டுக்குள் நான் நுழையமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தாள். அடிக்க வேண்டும் போலிருந்தது; யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் நல்லவர். வக்கீல் நல்லவர். ஃபில்டர்காரனோ பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறவன். எல்லோரும் நல்லவர்களாக இருந்துகொண்டு அவளை வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

மறுநாள் வெளிக் கதவில் கம்பியால் கட்டிய ஒரு பலகை தொங்கியது. அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது. தையல்காரம்மா அதைப் பார்த்துவிட்டு முக்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டாள்.

வக்கீலுக்கு விஷயம் தெரிந்தபோது தும்மல்கூட வரவில்லை, அவ்வளவு கோபம். "தங்கமான கேஸும்மா. ஒரு சுவிட்சைத் தட்டிக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்றார். பிறகு தணிந்து, "இனி உங்க தம்பிதான் காப்பாத்தணும். கூண்டுல ஏறி, அக்கா எனக்கு யாரையும் குடிவைக்க அதிகாரம் தரலை, நான் கேக்காம செஞ்சது தப்புன்னு சொல்லணும்" என்றார்.

தம்பியிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை தட்டிலேயே நின்றது.

"மேனேஜர் மச்சானுக்கு எதிரா நான் எப்படிக்கா..." என்றான். "பார்க்கலாம்."

"என்ன சொன்னே?"

"பார்க்கலாம்னு சொன்னேன்."

"ஊர்ல எவன் வந்து எதைக் கேட்டாலும் ஆகட்டும்னு சொல்ற வாய். ஃபில்டர் விக்கிறவனுக்கு ஆகட்டும், அவன் மச்சானுக்கு ஆகட்டும். பெத்த அம்மா போனப்புறம் உன்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்ச அக்காவுக்கு மட்டும் பார்க்கலாமா?"

"அவர் என்னை வேலையை விட்டு அனுப்பிட்டார்னா?"

"நான் வீட்டை விட்டே அனுப்பப்பட்டவடா" என்றாள். எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

பதினோரு நாள் அவள் அவனோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "உன் புருஷன்கிட்ட செருப்பை வழியில விட வேண்டாம்னு சொல்லு" என்று தம்பி மனைவி மூலமாகத்தான் பேச்சு. தம்பி மனைவியும் தன் பங்குக்குக் கணவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அவன் ஷோரூமில் நாலு பேருடைய ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிவிட்டு, வீட்டுக்கு வந்து அதைவிடக் குளிர்ந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். பன்னிரண்டாம் நாள் காலை, சட்டையை மாட்டிக்கொண்டு அவளுக்கு எதிரே வந்து நின்று, "எந்தத் தேதின்னு வக்கீலைக் கேட்டுச் சொல்லுக்கா" என்றான்.

தேதி வந்தபோது வழக்குப் போட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

தம்பி இஸ்திரி போட்ட சட்டையோடு கூண்டில் ஏறினான். வியர்வையில் சட்டை பத்து நிமிடத்தில் கசங்கிவிட்டது. மேனேஜர் பின் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாக எழுந்தார்.

"உங்க அக்கா சாவியைக் குடுக்கும்போது என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன வார்த்தையையே சொல்லுங்க."

"உன் வீடு மாதிரி பார்த்துக்கோன்னு சொன்னாங்க."

"யாரையும் தங்க வைக்காதேன்னு சொன்னாங்களா?"

"அப்படிச் சொல்லலை."

"சரி. உன் வீடு மாதிரின்னு சொல்லியிருக்காங்க." வக்கீல் நீதிபதியைப் பார்த்தார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே ஜெயித்துவிட்ட குரலில் கேட்டார். "உங்க வீட்டுல ஒருத்தரைத் தங்க வைக்கணும்னா நீங்க யார்கிட்டயாவது அனுமதி கேப்பீங்களா?"

வாய் தவறி வந்த ஒரு வார்த்தை. ஊரைவிட்டுக் கிளம்பும் யாரும் சொல்லும் வார்த்தை. அதுவே கயிறாகி இப்போது கண்டக்டரம்மாவின் கழுத்துக்கு வந்திருந்தது.

தம்பி மேனேஜரைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "என் வீட்டுல என் சம்சாரத்தைக் கேக்காம ஒரு நாற்காலியைக்கூட நான் நகர்த்த முடியாதுங்க."

நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதிகூடத் தலையைக் குனிந்து எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தார். தம்பி சிரிக்கவில்லை. ஆரம்பித்துவிட்டதால் நிறுத்தத் தெரியாதவன் மாதிரி மேலே பேசினான்.

"அக்காவைக் கேட்டிருக்கணும். கேக்கலை. கேட்டா வேண்டாம்னு சொல்வாங்க, அப்புறம் நான் மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்லணும். அந்தப் பயத்துல கேக்கலை. வாராவாரம் போன்ல ஜன்னலைத் திறந்தியான்னு கேப்பாங்க. திறந்திருக்குன்னு சொல்வேன். திறந்துதானே இருந்துச்சு. உள்ளதான் ஆள் இருந்தாங்களே. ரெண்டு வாரம்னுதான் அவரும் கேட்டாரு, நானும் அதுக்குத்தான் சரின்னேன். அதுக்கப்புறம் என்னால போன்னு சொல்ல முடியலை. தப்பு என்னோடது. அக்கா வீட்டைக் குடுக்க எனக்கு ஒரு உரிமையும் கிடையாதுங்க."

இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்காராமல் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தான். பின்வரிசையில் மேனேஜர் எழுந்து போனது கேட்டது.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அறுபது நாளுக்குள் காலி செய்ய வேண்டும்.

"இன்னும் அறுபது நாளா?" என்றாள் கண்டக்டரம்மா.

"ஜெயிச்சிட்டோம்மா, சந்தோஷப்படுங்க" என்று வக்கீல் தும்மினார். அவள் சந்தோஷப்பட முயன்றாள். அந்த அறுபது நாளும் தையல்கடை முக்காலியில்தான் கழிந்தன. மேனேஜர் தம்பியை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஊருக்கு வெளியே இருந்த சர்வீஸ் சென்டருக்கு மாற்றினார். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தான். அதற்கும் ஆகட்டும் என்றுதான் சொல்லியிருப்பான்.

ஐம்பத்தொன்பதாம் நாள் ஒரு வண்டி வந்து சாமான்களை ஏற்றியது. ஃபில்டர்காரன் எல்லா சாமானும் போனபிறகு தெருவைக் கடந்து வந்து சாவியை அவள் கையில் கொடுத்தான். "நம்ம வீட்டை நல்லாத்தான் பார்த்துக்கிட்டோம்மா. போய்ப் பாருங்க, ஒரு கீறல் இருக்காது. ஃபில்டரை விட்டுட்டுப் போறேன், வச்சுக்கோங்க" என்றான். அவன் மனைவி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "அன்னைக்கு நிஜமாவே பயந்துட்டேன். யாருன்னு தெரியலை" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தாள் கண்டக்டரம்மா. பொய் சொல்லும் முகம் அவளுக்குத் தெரியும். இது அதுவல்ல. "சரி, போ" என்றாள்.

வீட்டுக்குள் போய் முதல் வேலையாக அந்த ஃபில்டரைக் கழற்றி வாசலில் வைத்தாள். சுவரில் ஆணிகளை எண்ணினாள்: இருபத்துமூன்று. சமையலறைச் சுவர் எண்ணெய் ஏறிக் கருத்திருந்தது. ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. எதையாவது உடைத்திருந்தால்கூடச் சத்தம் போட்டிருக்கலாம். எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருந்தது, எதற்கும் புகார் எழுத முடியாது.

மூன்றாம் நாள் தபாலில் ஒரு சம்மன் வந்தது. அத்துமீறி நுழைந்த குற்றத்துக்காக இன்ன தேதியில் ஆஜராக வேண்டும். குற்றம் நடந்த இடத்தின் முகவரியும் அவளுடைய முகவரியும் ஒன்றுதான். வக்கீலுக்குப் போன் செய்தாள்.

"அது தனிக் கேஸும்மா" என்றார் அவர். "நீங்க உறுதிமொழி எழுதிக் குடுத்தும் புகார் கோர்ட்டுக்குப் போயிருக்கு, அவங்க வாபஸ் வாங்காமப் போயிட்டாங்க. வீடு உங்க கைக்கு வந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ரெண்டு மூணு தடவை போய் நின்னா முடிஞ்சுடும்."

"நான் நுழைஞ்ச வீட்டுலேருந்துதான் இப்போ பேசறேன்."

"தெரியும்மா."

ஞாயிற்றுக்கிழமை தம்பி கருவிப் பெட்டியோடு வந்து ஃப்ரிட்ஜைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவள் ஆணிகளைக் குறடால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பேச்சு அதிகமில்லை. "அந்த ஸ்க்ரூ கீழ விழுந்துடுச்சு பார்." "பார்த்தேன்க்கா." அவ்வளவுதான். கோபம் போகவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் சேர்ந்த கோபம், ஒரு கூண்டில் ஏறி இறங்கியதால் கரைந்துவிடுமா? ஆனால் அவன் ஒவ்வொரு ஆணி ஓட்டையையும் அடைக்க வெள்ளைச் சிமெண்டும் கொண்டு வந்திருந்தான். யாரும் சொல்லாமலே.

மகள் போன் செய்தாள். குழந்தை ஓட ஆரம்பித்துவிட்டான், பாட்டி பாட்டி என்று கதவைப் பார்க்கிறான், பத்து நாளாவது வந்துவிட்டுப் போ என்றாள்.

"வீட்டை விட்டுட்டு எப்படிடி வர்றது?" என்றாள் கண்டக்டரம்மா.

"மாமா இருக்காரில்ல, பார்த்துக்க மாட்டாரா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. தம்பியின் கையில் ஸ்பேனர் நின்றது. வாயைத் திறந்தான், என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். வந்துவிடாமல் அவனே பல்லைக் கடித்து மூடிக்கொண்டான்.

கண்டக்டரம்மா குறடைக் கீழே வைத்தாள். அவனைப் பார்த்தாள். வேறு ஊரில், வேறு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இங்கே எவன் வந்து இவனிடம் எதைக் கேட்கிறானோ என்று பத்து நாளும் யோசித்துக்கொண்டிருக்கப் போவதை நினைத்துப் பார்த்தாள்.

"உனக்கு லீவு கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"எதுக்குக்கா?"

"நீயும் வா. உன் பொண்டாட்டியையும் கிளம்பச் சொல்லு. மூணு பேரும் போயிட்டு வருவோம். வீடு சும்மா பூட்டிக் கிடக்கட்டும். உன்னை இங்க விட்டுட்டுப் போனா எனக்கு அங்க சோறு இறங்காது."

தம்பி தலையாட்டினான். கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

"யாரைக் கேட்டு?"

"அவளைத்தான்" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.